கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு

அப்பாவுக்கு டயாபர் மாட்டிக்கொண்டிருந்தான் மகன். ஒன்று போதாதென்று ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. தலையணை உறைக்குள் மெத்தையைத் திணிப்பதுபோல் இழுத்து மல்லுக்கட்டியதில் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"என்னடா, ஸ்டெப்னியையும் சேத்து மாட்டிட்டியா?" என்றார் அப்பா. ஆயுசு பூராவும் பஸ் ஓட்டியவர்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "ரெண்டு போட்டா புண்ணுதான் வரும் சார். அவருக்கு ஒண்ணே வேண்டாம். வந்தா சொல்றாரு, பிடிச்சா நடக்குறாரு. மணியடிங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

"சரி சிஸ்டர்" என்றான். அவள் போனதும் ஒன்றைக்கூடக் கழற்றவில்லை.

கழிப்பறை கூப்பிடு தூரம்தான். ஆனால் அப்பா நடந்தால் ஆமை முந்திப் போய், குளித்து, தலை துவட்டித் திரும்பிவந்து "இன்னும் இங்கேயா?" என்று கேட்கும். அங்கி பின்பக்கம் திறந்துகொள்ளும். எதிர்க்கட்டில்காரரைப் பார்க்க வந்த பாதி ஊர் வாயைப் பிளந்து பார்க்கும். நேற்று நடுவழியிலேயே தரை நனைந்துவிட்டது. நினைத்தாலே அவனுக்கு உடம்பு கூசியது.

மத்தியானம் அப்பா அவன் கையைத் தொட்டார். "எழுப்பி விடுடா. வருது."

மேலாளரோடு போனில் இருந்தான். போனைப் பொத்திக்கொண்டு, "அதுலயே போங்கப்பா. அதுக்குத்தானே போட்டிருக்கு."

"படுத்துக்கிட்டு வரலைடா."

"வரும். முயற்சி பண்ணுங்க."

அப்பா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதயம் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். இவன் பேசி முடிப்பதற்குள் அது நின்றிருந்தது.

மறுநாள் வீட்டில், அக்கா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "கடைசியா என்னடா சொன்னாரு?"

"உன்னைத்தான்க்கா கேட்டாரு."

வாசலில் செருப்பைக் கழற்றிய ஒவ்வொருவரிடமும் அக்கா அதைச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அப்பா அவள் பெயரைச் சொல்லிக் கண்கலங்கியிருந்தார். இன்னும் நாலு பேர் வந்ததும், எழுந்து உட்கார்ந்தே கூப்பிட்டிருந்தார். அவன் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எடுக்கிற நேரம். வண்டி வந்துவிட்டது. அப்பாவின் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், கைத்தடியும் நடுக்கமுமாக, அவன் காதருகே குனிந்தார்.

"தப்பா நெனைக்காத தம்பி. பாத்ரூம் எந்தப் பக்கம்?"

"வண்டிக்காரர் அவசரப்படுறாருப்பா, சீக்கிரம் வா" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

"நிக்கட்டும்."

அவர் கக்கத்தில் கை கொடுத்தான். கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அடிமேல் அடிவைத்து இருவரும் அதைக் கடந்தார்கள். கதவருகே அவர், "போதும்ப்பா, நீ போ. உனக்காகக் காத்திருக்காங்க" என்றார்.

"இருக்கட்டும் மாமா. நிதானமா வாங்க. இங்கயேதான் நிக்கிறேன்."

வெளியே ஹாரன் அடித்தது. அவன் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். உள்ளே இன்னும் சத்தம் எதுவும் கேட்கவில்லை.