தூங்குமூஞ்சிச் சுவர்

பேருந்திலிருந்து கடைசியாக இறங்கிய கிழவர், ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்காரும் முன் வெறும் உள்ளங்கையால் அதை அழுத்தித் துடைத்தார். கெய்லீனுக்குப் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. டனரா ஊர்க்காரர்கள்தான் அப்படிச் செய்வார்கள். சிமெண்ட் ஆலைத் தூசியில் ஈரம் பட்டால் இறுகிவிடும் என்று பால்குடி மறக்கும் முன்பே தெரிந்துகொண்டவர்கள். புகைபோக்கிக்கு வடிகட்டி வைத்துத் தூசி நின்று எத்தனையோ காலமாயிற்று. இந்தக் கைப்பழக்கம் மட்டும் யாரையும் விடவில்லை.

ஞாயிறுதோறும் மெல்போர்னிலிருந்து வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது கெய்லீனின் வேலை. பார்க்க என்ன பெரிதாக இருக்கிறது? ஒரு புகைபோக்கி, தொழிலாளர் வீடுகள் இரண்டு வரிசை, சுமாரான பேக்கரி ஒன்று. அப்புறம் இந்தச் சுவர். வெள்ளத்தில் நனைந்து கல்லாகிப்போன சிமெண்ட் மூட்டைகளை அடுக்கிக் கட்டியது. சாக்கின் நெசவுகூட அப்படியே பதிந்திருக்கிறது. வெள்ளம் வந்த இரவில் கிடங்குக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்கிய ஆலைத் தொழிலாளி மெர்வ் ஹாலிட்டை அவள் குறட்டையோடு நடித்துக் காட்டுவாள். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அந்தக் குறட்டை அவளுடைய அப்பா விட்டுப்போன சொத்து. ஆலை மேஸ்திரி லாயிட், சாகும்வரை மதுக்கடையில் அதை விட்டுக் காட்டித்தான் பேர் வாங்கினார்.

மெர்வ் உயிரோடு இருந்தால் இந்தக் கிழவரின் வயதுதான் இருக்கும்.

"என்னம்மா, நின்னுட்டீங்க? குறட்டையெல்லாம் விடுவீங்களாமே!" என்றாள் சிவப்புத் தொப்பிக்காரி ஒருத்தி.

"சொல்லும்மா. அதைக் கேக்கத்தான் நானும் வந்தேன்," என்றார் கிழவர். "நீ லாயிட் பொண்ணுதானே? அதே மூக்கு."

சீ, என்ன பிழைப்பு இது என்று இருந்தது அவளுக்கு. சொன்னால் இவர் முகத்தில் எப்படி முழிப்பது? சொன்னதைத் திருத்தினால் அப்பாவின் பேர் என்ன ஆவது? பெஞ்சருகே போய்க் குனிந்தாள்.

"வேணாம்னா விட்டுடறேங்க."

"தூங்கினது நெசந்தான். ஆனா அது தொடர்ந்தாப்ல மூணாவது ஷிப்ட்டு. அதையும் சேத்துச் சொல்லு."

யார் போட்ட ஷிப்ட் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, மேஸ்திரிதான் போடுவார். அப்பா ஒருநாளாவது வாய் திறந்திருப்பாரா!

கெய்லீன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "குறட்டை இன்னிக்குக் கிடையாது. மெர்வ் மூணு ஷிப்ட்டு விடாம வேலை பாத்தாரு. பாக்க வெச்சது எங்கப்பா. அவரு அசந்து தூங்கிட்டாருன்னு வேலையை விட்டுத் துரத்தினதும் எங்கப்பாதான். அப்புறம் ஊரே வேலியோரமா நின்னு சிரிக்க, மெர்வ் கல்லான மூட்டைய ஒவ்வொண்ணா இங்க இழுத்துட்டு வந்து அடுக்கினாரு. அதுலேர்ந்து ஆறு ஊருக்குள்ள வந்ததே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை.

"ஐயோ பாவம். அப்புறம் அந்தாளு என்ன ஆனாரு?" என்றாள் சிவப்புத் தொப்பிக்காரி.

கெய்லீன் தொப்பிக்காரியின் பக்கம் திரும்பினாள். "போயிட்டாரு. எங்கேன்னு யாரும் கேக்கல. நாங்களும் கேக்கல."

ஓட்டுநர் ஹாரன் அடித்தார். எல்லோரும் பேருந்தை நோக்கி நடந்தார்கள். கிழவர் மட்டும் எழுந்து சுவருக்குப் போனார். மேல்வரிசை மூட்டை ஒன்றை உள்ளங்கையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு, அவளைப் பார்க்காமலே, பக்கத்து மூட்டையையும் துடைத்தார்.