பத்தியம் இல்லாத கஷாயம்

சிலமலை விலக்கில் காலை ஐந்தரைக்கு ஜீப் வந்து நின்றதும், ஆட்களுக்கு முன்னால் அவர்களுடைய நோக்காடுகள் ஏறிக்கொள்ளும். ஒருத்திக்கு இடுப்பு, ஒருத்திக்கு முழங்கால், ஒருத்திக்கு விடிய விடியப் பித்தம். ஒன்பது பேர் உட்கார வேண்டிய வண்டியில் பதினாறு பெண்கள் மடிமேல் மடியாக அடைந்து, போடி தாண்டி முந்தல் சோதனைச்சாவடி வருவதற்குள் ஒவ்வொரு நோவுக்கும் நாலு வைத்தியம் சொல்லி முடித்திருப்பார்கள். தைலம் என்பாள் ஒருத்தி. மெடிக்கலில் கேட்டால் தருகிற மஞ்சள் மாத்திரை என்பாள் இன்னொருத்தி. எல்லாம் பேசி ஓய்ந்த பிறகு அனுசியாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். கடைசித் தீர்ப்பு அவளுடையது.

அனுசியாவுக்கு நாற்பத்திநாலு வயது. ஏலக்காய் எடுக்க மலையேறுகிற மற்றவர்களைப் போல அவளும் ஒரு கூலிக்காரிதான்; வைத்தியப் பரம்பரையெல்லாம் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுக் கற்பகத்துக்கு விடாத தலைவலியும் குமட்டலும் வந்து, ஊசி போட்டும் கேட்காமல் கிடந்தாள். சுக்கு, மிளகு, ஓமம், கொத்தமல்லி விதை, வேப்பங்கொழுந்து என்று கைக்கு அகப்பட்டதைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி அரை டம்ளர் கொடுத்தாள் அனுசியா. சும்மா கொடுத்தால் மதிப்பிருக்காது என்று பத்தியமும் சொன்னாள். மூன்று நாளைக்குப் புளி ஆகாது, கருவாடு ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, மலைக்காற்று ஆகவே ஆகாது. தலைக்குக் குளித்துவிட்டு வீட்டிலேயே கிடக்க வேண்டும். நாலாம் நாள் கற்பகம் சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினாள். அதற்குப் பிறகு அப்படி வந்து குடித்த ஏழு பேருக்கும் கேட்டது. அனுசியா பெயர் எடுத்துவிட்டாள். பெயர் எடுத்தவர்களுக்கு வருகிற கேடு அவளுக்கும் வந்தது: தன் கைமேல் தனக்கே ஒரு பக்தி.

இந்த வருஷம் மலையில் எதுவும் சரியில்லை. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள் வேலை செய்கிற தோட்டத்தில், முன்பெல்லாம் காய் எடுத்து முடித்த பிறகுதான் பூச்சிமருந்து அடிப்பார்கள். அடித்த இடத்தில் ஒரு வாரத்துக்கு ஆள் இறங்காது. இந்த வருஷம் மழை விட்டு விட்டுப் பெய்ததில் காய் ஒழுங்கில்லாமல் விளைந்தது, பூச்சியும் ஏறியது. இன்றைக்கு மேல்காட்டில் மருந்தடிப்பு, நாளைக்கு அதே மேல்காட்டில் காய் எடுப்பு என்று ஆகிவிட்டது. ஏலச்செடி ஆளை மறைக்கிற உயரம் இருந்தாலும் காய் என்னவோ தூரில்தான், சரம் சரமாகத் தரையில் படர்ந்து கிடக்கும். குத்துக்காலிட்டு, தலையைச் செடிக்குள் விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். இலையில் நிற்கிற தண்ணீரெல்லாம் முதுகில்தான் வழியும். புது மருந்து அழுகின பூண்டு மாதிரி நாறியது. படுதா விரித்துத் தண்ணீர் தேக்கியிருந்த, கை கழுவுகிற குளத்தில் தவளைகள் மல்லாந்து மிதப்பதை முதலில் பார்த்துச் சொன்னவள் தேவி. யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதே தண்ணீரில் கையை அலசிவிட்டுச் சோற்றுத்தூக்கைத் திறந்தார்கள்.

தேவி அனுசியாவின் தங்கை. பத்து வயது இளையவள். அம்மா போன பிறகு அக்கா கையால் சாப்பிட்டு வளர்ந்தவள். அக்கா கிணற்றில் இறங்கச் சொன்னால் ஏன் என்று கேட்காமல் இறங்குவாள். ஊரே அதைப் பெருமையாகப் பேசும். அந்தப் பழக்கம்தான் வினையாக முடிந்தது.

ஆவணி பிறந்து இரண்டே வாரத்தில் நாலு பேர் அனுசியாவிடம் வந்தார்கள். நாலு பேருக்கும் ஒரே சொல்லாகத் தலைவலி, கண்ணில் நீர், வாயில் ஊறிக்கொண்டே இருக்கிற எச்சில். கஷாயம் கொடுத்து, பத்தியம் சொல்லிப் படுக்க வைத்தாள். நாலு பேரும் எழுந்துவிட்டார்கள். ஆனால் ஜீப்பில் இடம் காலியாகப் போனது மொக்கச்சாமியின் கண்ணை உறுத்தியது. அவர்தான் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகிற கங்காணி. மூன்று நாள் வராதவளின் இடத்தில் வேறொருத்தியை ஏற்றிவிட்டால் பிறகு அந்த இடம் திரும்பக் கிடைக்காது. அது எல்லாருக்கும் தெரியும்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் அனுசியாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏத்தா, ஒன் கசாயம் கேக்குதுங்கிறத நான் இல்லேங்கல. அந்தப் பத்தியம் எதுக்கு? காய் உதிர்ற நேரத்துல ஆளு வீட்ல படுத்துக்கிட்டா சோலி எப்பிடி நடக்கும்?"

பத்தியம் இல்லாமல் மருந்து ஏது என்று அனுசியா இழுத்தாள். அவர் கோபப்படவில்லை. பேச்சை வேறு பக்கம் திருப்பினார். காய் உலர்த்துகிற ஸ்டோரில் தரம் பிரிக்க ஒரு ஆள் வேண்டுமாம். உட்கார்ந்து பார்க்கிற வேலை, நனைய வேண்டாம், குனிய வேண்டாம், அவளைத்தான் நினைத்திருக்கிறாராம். பெண்களுக்குத் தன் வாயால் சொன்னால் ஏறாது, அவள் சொன்னால்தான் ஏறும் என்றும் சொன்னார்.

அனுசியாவுக்கு இரண்டு வருஷமாக முழங்கால் வலி. ஊருக்கே வைத்தியம் சொல்கிறவள் தன் காலைப் பற்றி யாரிடம் சொல்லுவாள்? பல்லைக் கடித்துக்கொண்டு குத்தவைத்து எழுந்துகொண்டிருந்தாள். ஸ்டோர் என்றதும் மனசு அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. பத்தியம், தான் வாய்க்கு வந்தபடி சொன்னதுதானே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். நோயை எடுத்தது கஷாயம். கருவாட்டுக்கும் கத்தரிக்காய்க்கும் அதில் என்ன வேலை?

மறுநாள் ஜீப்பிலேயே சொல்லிவிட்டாள். "இனிமே பத்தியம் வேணாம். கூட ரெண்டு சரக்கு சேத்துக் காச்சிருக்கேன். குடிச்சிட்டு அவுகவுக சோலியப் பாருங்க."

ஒரு சரக்கும் புதிதாகச் சேர்க்கவில்லை. வேப்பங்கொழுந்து மட்டும் ஒரு பிடி கூடப் போட்டுக் கசப்பை ஏற்றியிருந்தாள். கசந்தால் நம்புவார்கள். நம்பினார்கள். இடம் போகாது என்ற நிம்மதியில் பாட்டில் கை மாறி மாறிப் போனது.

அனுசியா ஸ்டோரில் உட்கார்ந்த அன்றே தேவியை மேல்காட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் தேவி அக்கா வீட்டு அடுப்படியில் வந்து நின்றாள். விளக்கைப் போடாதே, கண் கூசுகிறது என்றாள்.

"அக்கா, எனக்கு மட்டும் பழைய பத்தியம் குடேன். மூணு நாளு வீட்ல கெடக்கேன். கண்ணு மங்கலா இருக்கு. கை நடுங்குது."

அனுசியாவுக்கு எரிச்சல் வந்தது. தங்கை படும் பாட்டைப் பார்த்துத் துக்கம் வந்திருக்க வேண்டும், வந்தது எரிச்சல்தான். அதை நினைத்து நினைத்துப் பிற்பாடு அவள் நெஞ்சிலேயே அடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்குத் தெரிந்ததெல்லாம், சொந்தத் தங்கையே படுத்துவிட்டால் ஜீப்பில் தன் பேச்சு எடுபடாது, ஸ்டோர் வேலையும் நிலைக்காது என்பதுதான்.

"நீயே படுத்துட்டா மத்தவளுக எப்பிடி நம்புவாளுக? ரெண்டு டம்ளராக் குடி. காலைல தெளிஞ்சிரும்."

தேவி டம்ளரை வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு டம்ளரையும் குடித்தாள். ராத்திரி தூங்கி எழுந்ததில் காலையில் கொஞ்சம் தெளிவாகத்தான் இருந்தாள். பார்த்தீர்களா என்று அனுசியா ஜீப் முழுக்கக் காட்டினாள்.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்காட்டிலிருந்து கூப்பாடு வந்தது. அனுசியா முழங்காலை மறந்து ஓடினாள். தேவி ஒரு செடியின் தூரில் ஒருக்களித்துக் கிடந்தாள். இடுப்பில் கட்டின காய்ப்பை அவிழவில்லை. மூடுபனி இறங்கிக் குளிர்ந்து கிடந்த காட்டில் அவளுக்கு மட்டும் வேர்த்து ஊற்றியது. வாயில் நுரை. இமையை விலக்கிப் பார்த்தால் கண்மணி கடுகளவு சுருங்கிப் போயிருந்தது. இப்படி ஒரு கண்ணை அனுசியா பார்த்ததில்லை.

டிரைவர் அருள்பாண்டி பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஹாரனில் கைவைத்தபடியே இறக்கினான். பின்னால் அனுசியா தங்கையின் தலையை மடியில் வைத்து, அந்த நேரத்திலும் இடுப்பில் செருகியிருந்த சின்னப் பாட்டிலைத் திறந்து அவள் வாயில் கஷாயத்தை ஊற்றினாள். அது உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள். அவளுக்கு வேறு என்ன தெரியும்?

பெரியாஸ்பத்திரியில் தேவியின் சேலையைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டினார்கள். உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். ஊசிமேல் ஊசி போட்டு, தொண்டையில் குழாய் விட்டு, மூச்சை இயந்திரத்திடம் கொடுத்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு டாக்டரம்மா வெளியே வந்து, என்ன வேலை, எத்தனை நாளாக இப்படி என்று விசாரித்தாள். வேறு யாருக்காவது இப்படி வந்ததா என்றும் கேட்டாள். பன்னிரண்டு பேருக்கு வந்தது, என் கஷாயத்தில் சரியானது என்றாள் அனுசியா. அந்த நிலையிலும் குரலில் ஒரு துளி கர்வம் இருந்தது.

"குடிச்சிட்டு வேலைக்குப் போனாங்களா?"

"இல்லம்மா. மூணு நாளு பத்தியம். தலைக்குக் குளிச்சிட்டு வீட்லயே கெடந்தாக."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினாள். "அந்த மூணு நாள்தாம்மா அவங்களக் காப்பாத்திருக்கு. செடிக்கு அடிச்ச விஷம் தோல் வழியா உள்ள போயிருக்கு. அங்க போகாம இருந்தா, கொஞ்சமா இருந்தா, உடம்பே கழிச்சிரும். உங்க தங்கச்சியும் போகாம இருந்திருக்கணும்." மூன்று நாள் தாண்டினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அனுசியா சுவரோரம் உட்கார்ந்தவள்தான். விடிந்து, ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடைக்காரர் பாய்லரைப் பற்ற வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மணி ஆறு. ஜீப் போடியைத் தாண்டியிருக்கும். கற்பகத்துக்குப் போன் போட்டாள்.

கற்பகம் தேவியைப் பற்றித்தான் முதலில் கேட்டாள். அனுசியா இடைமறித்தாள். "எறங்கிருங்க கற்பகம். மேல போகாதீக. கசாயத்துல ஒண்ணுமில்ல. சரக்கு சேத்தேன்னு நான் பொய் சொன்னேன்."

வண்டிச் சத்தத்துக்கு நடுவில் கற்பகம் பிள்ளையைத் தேற்றுகிற மாதிரி சொன்னாள்:

"தங்கச்சி இப்பிடிக் கெடக்கவும் ஒனக்கு மனசு கலங்கிப்போச்சு ஆத்தா. எங்களப் பத்திக் கவலப்படாத. தேவிக்கு வந்தது நமக்கும் வந்திரக்கூடாதுன்னு, ஒன் வீட்டுப் பானைல இருந்தத எடுத்து ஆளுக்கு ரெண்டு டம்ளர் குடிச்சிட்டுத்தான் ஏறிருக்கோம். இன்னைக்கு மேல்காடுதான். நேத்துச் சாயங்காலந்தான் அடிச்சாகளாம்."

முந்தல் தாண்டினால் டவர் கிடைக்காது. பேச்சு அறுந்தது. அனுசியா மறுபடி போட்டாள். வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாக ஒரு குரல் நிதானமாகச் சொன்னது. அருள்பாண்டிக்குப் போட்டாள், மொக்கச்சாமிக்குப் போட்டாள். அதே குரல். ஏழு மணிக்கு நர்ஸ் கதவைத் திறந்து, தேவியோட ஆளுக யாரு, உள்ள வாங்க என்று கூப்பிட்டாள். அனுசியா எழுந்து நின்றாள், போன் இன்னும் காதில்தான் இருந்தது.