கடைச்சாவிகளின் வரிசை

என்னைச் சுறா என்றுதான் ஊரில் கூப்பிட்டார்கள். போரில் பணம் பார்த்த எல்லோருக்கும் அப்போது இத்தாலி முழுக்க அந்தப் பெயர்தான். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்! என் புருஷன் ஒலிந்தோவைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டு போன நாளில் அந்த மளிகைக்கடையில் என்ன இருந்தது? அரை மூட்டை மாவு, ஒரு பீப்பாய் எண்ணெய், ஈ மொய்த்த பாலாடைக்கட்டி. மூன்றரை வருடத்தில் பக்கத்துக் கடையை வாங்கிச் சுவரை இடித்துச் சேர்த்தேன். ரேஷன் அதிகாரியிடம் எப்போது சிரிக்க வேண்டும், எப்போது முறைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். திருட்டுக்குப் பயந்து பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்தேன், ஜன்னலுக்குக் கம்பி போட்டேன், முன்கதவுக்கு இரும்புத்தகடு அடித்தேன். எந்த ஆண்பிள்ளையும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

போர் முடிந்த 1918 டிசம்பரில் அவர் திரும்பி வந்தார். ஒரு வருடம் ஆஸ்திரியச் சிறைமுகாமில் கிடந்தவர். சிறைப்பட்டவனெல்லாம் கோழை என்று சொல்லி நம் அரசாங்கம் அவர்களுக்கு ஒரு ரொட்டிகூட அனுப்பவில்லை. நான் அனுப்பிய பொட்டலங்கள் பாதி வழியில் திருடு போயின, மீதி பூசணம் பிடித்துப் போய்ச் சேர்ந்தன. பக்கத்துப் படுக்கைக்காரன் செத்ததை மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் அவன் பங்கையும் வாங்கித் தின்றதாக ஒருநாள் சோறு தின்னும்போதே சொன்னார். அப்படிப்பட்ட மனுஷன் ரொட்டியைப் பூட்டி வைப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? நான் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், வருகிறவளுக்கெல்லாம் மாவைச் சும்மா அள்ளிக் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. அதனால் வெளியே போகும்போதெல்லாம் கடையை வெளியிலிருந்து பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவேன். அவர் உள்ளேதான் இருப்பார்.

1919 ஜூலை. போரில் வென்றோமாம். பீரங்கிக் குண்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்களை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆண்களுக்கும் வேலை இல்லை. விலை மட்டும் நாலு பங்கு ஆகியிருந்தது. முந்தின நாள் ஃபோர்லி நகரத்தில் கடைகளை அடித்து நொறுக்கி, எண்ணெயும் ஒயினும் தெருவில் ஆறாக ஓடியதாகச் சேதி வந்தது. எங்கள் ஊரில் காலையிலேயே தொழிலாளர் மன்றத்துக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். கடைக்காரர்கள் சாவியைக் கொண்டுவந்து மன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் ஒரு தாள் தருவார்கள்: ‘இச்சரக்கு தொழிலாளர் மன்றத்தின் பொறுப்பில் உள்ளது.’ அந்தத் தாள் ஒட்டிய கடையை யாரும் தொடமாட்டார்கள், சரக்கு பாதி விலைக்கு ஒழுங்காக விற்கும். தாள் இல்லாத கடைக்கு யாரும் பொறுப்பில்லை.

“குடுத்துடு ஆர்ஜியா,” என்றார் ஒலிந்தோ. “பசிச்சவன் கதவைத் தட்டிட்டு நிக்க மாட்டான். எனக்குத் தெரியும்.”

“ஆமா, உங்களுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் தானம் பண்ணத்தான் உங்களுக்குத் தெரியும். நாலு வருஷம் நாய் மாதிரி அலைஞ்சவ நானு.”

“பயமா இருக்குடி.”

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. என்னவோ போல ஆகிவிட்டது. “சரி, போய்த் தொலையறேன். தாளோட வர்ற வரைக்கும் ஜன்னல் பக்கம்கூடப் போகாதீங்க,” என்றேன். கதவைப் பூட்டினேன். பழக்கம். யோசித்துப் பூட்டியதில்லை.

மன்றத்தின் வாசலில் ஊர்ச் சுறாக்கள் எல்லாம் வரிசையில் நின்றோம். ரொட்டிக்கடை பொம்பேயோ, சாவியை ஜெபமாலை மாதிரி உருட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நின்றான். “என்னக்கா, நீங்களும் வந்துட்டீங்களா? உங்களை இங்க இழுத்துட்டு வர நாலு குதிரை வேணும்னு நினைச்சேன்,” என்று இளித்தான். “உன் ரொட்டில கலந்த மரத்தூளுக்கும் தாள் தருவாங்களான்னு கேளுடா,” என்றேன். வரிசையே சிரித்தது. சிரிப்பில் உயிர் இல்லை.

உள்ளே செயலாளர் நுல்லோ, கையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் சாவியை மேஜைமேல் வைக்க, அவன் தாளை எழுதத் தொடங்கியதும் எனக்குள் அந்த நாலு வருடத்துக் கடைக்காரி விழித்துக்கொண்டாள். சாவியை மறுபடி கையில் எடுத்தேன்.

“நிலவறையில உப்புப்போட்ட பன்றித்தொடை இருவத்திரெண்டு தொங்குது. அது கடைச் சரக்கு இல்ல, வீட்டுச் சாமான். அதைத் தனியா எழுது.”

“அக்கா, ரெண்டு பேர் திங்க இருவத்திரெண்டு தொடையா?”

“என் புருஷன் சிறையில பட்டினி கிடந்து வந்தவரு. தேத்த வேணாமா?”

“நாலு வெச்சுக்குங்க.”

“பதினெட்டு.”

“இது சந்தை இல்லக்கா! வெளிய கூட்டம் கிளம்பியாச்சு. சாவியக் குடுத்தா தாளு. அவ்வளவுதான்.”

நான் விடவில்லை. பதினைந்து என்றேன், பன்னிரண்டு என்றேன். பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள், திரும்பி நானும் திட்டினேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்காதீர்கள். உள்ளே போனபோது மாதாகோயில் மணி ஒன்பதரை அடித்தது, பத்துத் தொடைக்குச் சம்மதிக்க வைத்துத் தாளோடு வெளியே வந்தபோது பத்தேகால் ஆகியிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

சதுக்கத்தைத் தாண்டும்போதே சத்தம் கேட்டது. ஓடினேன். என் கடைவாசலில் இருநூறு பேர். கதவு சட்டத்தோடு பெயர்ந்து உள்பக்கமாக விழுந்து கிடந்தது, வண்டி நுகத்தடி ஒன்று அதன்மேல் கிடந்தது. மூட்டையும் பீப்பாயுமாக ஆட்கள் அந்தக் கதவின்மேல் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே மாவு புகையாகப் பறந்தது. ஒருத்தி தலைமுடியை இன்னொருத்தி பிடித்துச் சுவரில் மோதினாள், சண்டை ஒரு கட்டி வெண்ணெய்க்கு. பல் உடைந்த ஒரு கிழவன் இரத்தத்தைத் துப்பிக்கொண்டே சர்க்கரையை வாயில் அடைத்தான். எண்ணெய்ப் பீப்பாயைக் கோடரியால் பிளந்திருந்தார்கள். எண்ணெயும் மாவும் இரத்தமும் கலந்து தரையெல்லாம் வழுக்கியது.

“தாளு இருக்கு! தாளு இருக்குடா பாவிகளா!” என்று கத்திக்கொண்டு கதவின்மேல் ஏறி உள்ளே போனேன். யார் தாளைப் பார்த்தார்கள்? ஒருவன் என் முகத்தில் குத்தினான், மூக்கு உடைந்தது. நான் தராசுக்கல்லை எடுத்து அவன் காதோடு சேர்த்து அடித்தேன், சரிந்து விழுந்தான். நிலவறைப் படியிலிருந்து என் பன்றித்தொடைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். மறுமுனையை எர்சிலியா பிடித்திருந்தாள்.

எர்சிலியா என் எதிர்வீட்டுக்காரி. புருஷனைக் கார்சோ மலைப் போர்முனையில் பறிகொடுத்தவள். தொழிற்சாலை மூடியபின் தன் கல்யாணப் படுக்கை விரிப்புகளை ஒவ்வொன்றாக என்னிடம் கொடுத்து மாவு வாங்கிப் போனவள். ஆறு விரிப்பு. நானும் வாங்கிக்கொண்டேன்.

“விடுடி சுறா!”

“நீ விடுடி! எச்சக்கலை!”

இழுத்துக்கொண்டே வாசலுக்கு வந்தோம். அவள் கதவைத் தாண்டி வெளியே குதித்துவிட்டாள். நான் விழுந்து கிடந்த கதவின் நடுவில் நின்று, காலை ஊன்றி, முழு பலத்தையும் போட்டு இழுத்தேன். திடீரென்று அவள் கையை விட்டாள். நான் பன்றித்தொடையோடு பின்னால் சாய்ந்து கதவின்மேல் தடாலென்று உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கதவின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இறங்குடி,” என்றாள். “ஆர்ஜியா, இறங்கு. கீழ ஆள் இருக்கு.”

விளிம்பில் நான்கு விரல்கள் தெரிந்தன. அதில் ஒன்று அசைந்தது. நான் பார்த்தேன்.

எர்சிலியாதான் முதலில் கதவைப் பிடித்துத் தூக்கினாள். ஏழெட்டுப் பேர் சேர்ந்த பிறகுதான் அது எழுந்தது. ஒலிந்தோ குப்புறக் கிடந்தார். முகத்தைப் பற்றி நான் சொல்லமாட்டேன். மூச்சு இன்னும் கொஞ்சம் இருந்தது, மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன், அதற்குள் போய்விட்டது. ஒருவன் மூட்டையை மெல்லக் கீழே வைத்துவிட்டு நழுவினான்.

அவர் உள்ளிருந்து கத்தியிருக்கிறார். “நான் ஒலிந்தோ! சாவி என்கிட்ட இல்ல! அவ தாள் வாங்கப் போயிருக்கா, கொஞ்சம் பொறுங்க!” நேரம் கடத்துகிறான் சுறாவின் புருஷன் என்று சிரித்திருக்கிறார்கள். அவர் பூட்டைக் கம்பியால் நெம்பித் திறக்கப் பார்த்திருக்கிறார். அவர்களுக்குத் திறந்துவிடத்தான். அப்போதுதான் நுகத்தடி இடித்தது. கம்பி இன்னும் கையில் இருந்தது.

இலையுதிர்காலத்தில் வழக்கு நடந்தது. கதவு விழுந்ததால் மட்டும் அவர் சாகவில்லை, மேலே நடந்த பாரத்தால் மூச்சு முட்டிச் செத்தார், கால்மணி நேரமாவது உயிரோடு இருந்திருப்பார் என்றார் மருத்துவர். கதவின்மேல் நடந்தவர்கள் யார் யார் என்று நீதிபதி என்னைக் கேட்டார். பதினொரு பெயர் சொன்னேன். ஆத்திரம். எர்சிலியாவின் பெயரை முதலில் சொன்னேன்.

“வேற யாராவது?” என்றார்.

“வேற யாரும் இல்லீங்க,” என்றேன்.

குற்றவாளிக் கூண்டில் எர்சிலியா எழுந்து நின்றாள். நானும் அந்தக் கதவின்மேல் நின்றதைப் பார்த்தவள் அவள். உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவளைக் கேட்டார்கள். அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

“புருஷன் செத்துப்போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுங்க,” என்றாள். “அவளை வீட்டுக்குப் போகச் சொல்லுங்க.”

அவளுக்கு நான்கு வருடம் போட்டார்கள். நான் வீட்டுக்குப் போனேன்.