முப்பது விநாடி

'டமார்!'

கடலடி மண்ணை அள்ளும் இரும்புக் கவ்வி தளத்தில் வந்து இறங்கியது. தாடைகள் திறந்து, மண் தொட்டியில் கொட்டியது. வெர்லே தண்ணீரைப் பீய்ச்சிச் சலித்தாள். சல்லடையில் மிஞ்சியவை நாலு சிப்பி ஓடுகள்தான். ஒரு புழுகூட இல்லை.

"மூணாவது தடவையும் இதே கதை. போன வருஷம் இங்க ஒரு கவ்விக்கு நாப்பது குழாய்ப்புழு வந்துச்சு, கிஸ்லேன்!"

"எல்லாம் குடும்பத்தோட ஸ்பெயினுக்கு டூர் போயிருக்கும்," என்றார் ஆய்வுக் கப்பலின் கேப்டன் கிஸ்லேன். அவர் சிரிக்கவில்லை. சோனார் திரையைக் காட்டினார். ஈரத் தலையைச் சீப்பால் வாரியதுபோல் கடலடி முழுக்க நீள நீளமான வரிகள். மணல் உறிஞ்சும் கப்பலின் தடம். அதுவும் புதுசு.

கடலடி தேறட்டும் என்று மணல் அள்ளத் தடை போட்டு மூன்று வருடமாக மூடிவைத்திருக்கும் திட்டு இது. தேறுகிறதா என்று பார்த்துச் சொல்வது வெர்லேயின் வேலை.

ஒரு மைல் தள்ளி ருலாந்தின் மணல் கப்பல் நின்றிருந்தது. எல்லை மீறியதற்காகப் போன வருடம் அவன் ஒரு எச்சரிக்கை வாங்கியிருந்தான். இன்னொன்று வந்தால் உரிமம் போய்விடும். வெர்லே யோசிக்கவே இல்லை. சோதனைப் படகைக் கூப்பிட்டுவிட்டு, ரேடியோவில் அவனைப் பிடித்தாள்.

"கேப்டன், மூடின திட்டுல கை வெச்சிருக்கீங்க. சோதனைப் படகு இருபது நிமிஷத்துல இங்க இருக்கும்."

"என்ன புழு டாக்டர், காலங்காத்தால காமெடி பண்றீங்க? கோட்டுக்கு வடக்கதான் உறிஞ்சினேன். ஒரு அடிகூட உள்ள வரல."

"தடம் இங்க திரையில தெரியுது. பொய் சொல்லாதீங்க!"

"பொய்யா? நீங்க கொடுத்த தாள் என் கண்ணு முன்னாடி ஒட்டியிருக்கு. வடக்கு எல்லை, ஐம்பத்தொரு டிகிரி, இருபத்தாறு புள்ளி முப்பது நிமிஷம். போதுமா?"

வெர்லே திட்டை மூடிய அரசாணையைப் பிரித்தாள். அதில் இருந்தது இருபத்தாறு நிமிடம், முப்பது விநாடி.

விரல் அங்கேயே நின்றது. முப்பது விநாடி என்றால் அரை நிமிடம். விநாடிக்குப் பதில் நிமிடத்தைத் தசமப் புள்ளியில் காட்டும் கப்பல் கருவிக்கு ஏற்ப மாற்றும்போது அதைப் புள்ளி ஐம்பது என்று எழுதியிருக்க வேண்டும். அவள் முப்பதை அப்படியே வைத்துவிட்டாள். அந்த ஒரு எண்ணால் கோடு முந்நூற்றெழுபது மீட்டர் தெற்கே இறங்கிவிட்டது. அவள் காலடியில் இருக்கும் வெறும் மண், அந்த முந்நூற்றெழுபதுக்குள்தான் இருந்தது.

கிஸ்லேன் எட்டிப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. மெல்ல ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"இங்க பாரு, வெர்லே. அரசாணையில சரியாத்தான் இருக்கு. சோதனைக்கு வர்றவங்க அதைத்தான் பார்ப்பாங்க. உன் தாள் சும்மா கேப்டன்களுக்கு வசதிக்குக் கொடுத்தது. அவன் ஒண்ணும் யோக்கியன் இல்ல, போன வருஷமே மாட்டினவன். நீ பாட்டுக்குப் பேசாம இரு."

"ருலாந்து லைன்ல இருக்காரா?"

"இருக்கான். கத்திக்கிட்டுதான் இருக்கான்."

மேற்கே வெள்ளை நுரை தெரிந்தது. சோதனைப் படகு சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துகொண்டிருந்தது. வெர்லே சல்லடையைப் பார்த்தாள். நாலு ஓடுகள். மூன்று வருடம் காத்திருந்து வளர்ந்ததெல்லாம் போயிருந்தது.

ரேடியோ கரகரத்தது. சோதனை அதிகாரியின் குரல்.

"டாக்டர், நாங்க வந்துட்டோம். எல்லையை மீறினது ருலாந்தோட கப்பல்தானே? ஆமான்னு சொன்னா இப்பவே நிறுத்திடறோம்."

கிஸ்லேன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

வெர்லே பொத்தானை அழுத்தினாள்.

"அவரை விடுங்க, சார். இன்னும் எட்டுக் கப்பல்ல அதே தப்பான தாள் ஒட்டியிருக்கு, முதல்ல அதைக் கிழிக்கச் சொல்லுங்க... எழுதினது நான்தான்."