செங்காவிக் கோடு

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு ஆண்கள் போய்விட்டால் ஹபீபுர் ரஹ்மான் சாஹிப்பின் மரம் அறுக்கும் தொட்டியில் ஒரு மணி நேரம் ரம்பச் சத்தம் இருக்காது. மிச்சமிருக்கும் இரண்டு மூன்று இந்து ஆட்களும் கால்வாய்க் கரைப் பூவரச நிழலில் சோற்றுத்தூக்கைத் திறந்துவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து அமீனா பீ கொட்டகைக்குள் போனாள். சுவரோரம் சாத்தியிருந்த ஈட்டிமரப் பலகைகளில் ஐந்தைத் தேடிப் பிடித்து, செங்காவிக் கட்டியால் ஒவ்வொன்றின் மேலும் இரண்டு கோடு இழுத்தாள். பீர் முஹம்மது மேஸ்திரி போடுவது போலவே மேலே தடித்துக் கீழே வரவர மெலியும் கோடு. பிறகு, நியாயமாகவே இரண்டு கோடு வாங்கியிருந்த ஐந்து பலகைகளை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துப் பின்வரிசைக்குத் தள்ளினாள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் கனம். இடுப்பு பிடித்துக்கொண்டது. முக்காட்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, உப்புத்தாளை எடுத்து ஒரு நாற்காலிக் காலைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

ஒரு கோடு என்றால் ஒரு மழைக்காலம். அறுத்த பலகை நிழலில் நின்று இரண்டு மழைக்காலம் கண்ட பிறகுதான் அதன்மேல் இழைப்புளி படலாம். மேஸ்திரி போட்ட கோட்டை நம்பித்தான் தொட்டியில் எல்லா வேலையும் நடந்தது. மயிலாப்பூரில் கடற்காற்றின் ஈரத்துக்குப் பச்சை மரத்தில் மேஜை செய்தால்கூட வருஷக்கணக்கில் வாய் திறக்காமல் கிடக்கும். கப்பலேறிக் குளிர் தேசம் போனால்தான் சாயம் வெளுக்கும்.

அவள் கோடு போட்ட ஐந்தும் ஒரே மரத்தில் அறுத்தவை. அந்த மரம்தான் அவள் புருஷனைக் கொன்றது.

மெஹபூப் அலி பாலிஷ்காரன். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணிப்பொட்டலத்தில் தொட்டுத் தொட்டு, மரத்தில் முகம் தெரியும்வரை தேய்ப்பான். மரம் தூக்குவது அவன் வேலையில்லை. எட்டு மாதத்துக்கு முன் ஒருநாள் படகில் மரம் வந்தபோது ஆள் குறைந்தது என்று கூப்பிட்டார்கள். மரத்தைக் கரையேற்றும் கயிறு நைந்திருக்கிறது என்று இரண்டு நாள் முன்பே பீர் முஹம்மது சொல்லியிருந்தார். இந்த ஒரு நடை தாங்கும் என்று சாஹிப் சொல்லியிருந்தார். தாங்கவில்லை. கரைச் சரிவில் உருண்ட மரம் அவனை நெஞ்சோடு சேர்த்து மண்ணில் அழுத்தியது.

போலீஸ்காரன் வந்தான். குனிந்து மோந்தான். ஸ்பிரிட் வாடை. பாலிஷ் போடுகிறவன் மேல் வேறு என்ன வாடை வரும்? அவன் தலையணைகூட அப்படித்தான் மணக்கும். துவைக்கத் துவைக்கப் போகாது. போலீஸ்காரனுக்கு அது தெரியாது. "குடிச்சிருந்தானா?" என்று கேட்டான். சாஹிப் கயிற்றைப் பார்த்தார். பிறகு, "அப்பப்போ போடுவான்" என்றார். போலீஸ்காரன் பீர் முஹம்மதைப் பார்த்தான். பதினாறு வருஷம் மெஹபூபோடு ஒரே தட்டில் சாப்பிட்ட பீர் முஹம்மது தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு யாரும் கயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை.

கள்ளுக்கடைப் பக்கம் தலை வைத்துப் படுக்காத மனுஷனுடைய மய்யித்தைச் சுமக்கும் சந்தூக்குக்குத் தோள் மாற்ற ஆள் இல்லாமல் போயிற்று. திருவல்லிக்கேணியிலிருந்து வந்து மகள் வஜீஹாவைப் பெண் பார்த்துப் போனவர்கள், குடிகாரன் வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் சாஹிப் ஆள் அனுப்பினார். "மெஹபூப் எடத்துல வந்து ஒக்காரு. உன்னிய நான் வுட்டுருவனா?" அவள் போய் உட்கார்ந்தாள். வயிற்றுக்காகப் போகிறாள் என்று தெரு பேசியது. வயிற்றுக்காகவும்தான் போனாள்.

அந்த மரத்தை யாரும் தனியாக எடுத்து வைக்கவில்லை. மற்ற மரங்களைப் போல அதுவும் ரம்பக் குழிக்கு வந்தது, பலகையானது, ஒரு கோடும் இல்லாமல் சுவரோரம் நின்றது. அதன் வயிற்றில் நாக்கு நீட்டியது போல ஒரு வெள்ளை ரேகை ஓடியது. ஐந்து பலகையிலும் அந்த ரேகை இருந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு நாற்காலிக் கால்களைத் தேய்த்தாள். லண்டனில் ஒரு பெரிய கடை, கட்டம் போட்ட மெட்ராஸ் துணியை சாஹிப்பிடம் பேல் பேலாக வாங்கிக்கொண்டிருந்தது. இப்போது மேஜை நாற்காலியும் கேட்டது. முதலில் பன்னிரண்டு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை ஒன்று. பிடித்துப்போனால் கப்பலுக்குக் கப்பல் எடுப்பார்கள். அந்தச் சேதி தொட்டிக்கு வந்த அன்றுதான் அவள் செங்காவிக் கட்டி ஒன்றை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் பீர் முஹம்மது முதல் பலகையைப் பட்டறையில் ஏற்றி இழைப்புளியைத் தள்ளினார். காய்ந்த ஈட்டி என்றால் சீவல் நொறுங்கி விழும். இது நாடா மாதிரி நீளமாகச் சுருண்டு வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து மூடினார். பச்சை ஈரத்தில் குளிர்ந்திருக்கும். திறந்து பார்த்துவிட்டு, பலகையின் வெள்ளை ரேகையை விரலால் தடவினார். பிறகு பாலிஷ் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"அமீனா, அந்தப் பலகைக்குக் கோடு யாரு போட்டது?"

"நீங்கதான பாய் போடுவீங்க."

"இது நம்ம மெஹபூப் மேல வுளுந்த மரம்."

"அப்டியா?"

"வெளையாடாத. இத்தப் போய் லண்டனுக்கு அனுப்புனா வெடிச்சுப் பூடும். என் கை வேலை அது. என் பேரு கெட்டுப் பூடும்."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பேரு கெட்டா இன்னா பாய், சோறு எறங்கும். எங்க வூட்ல எறங்குது இல்ல?"

அவர் திரும்பி நடக்கப் பார்த்தார்.

"அன்னிக்குப் போலீஸ்காரன் கேட்டான். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல நீங்க. தலையத்தான் ஆட்டுனீங்க. இன்னிக்கும் யாராவது கேட்டா அதே மாதிரி ஆட்டுங்க."

போய்ச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தாள். சாஹிப் வந்து நின்றால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். யாரும் வரவில்லை. பிறகு இழைப்புளி ஓடத் தொடங்கியது. சாயங்காலம் பட்டறையடியில் முழங்கால் உயரத்துக்கு நீள நீளச் சீவல். அவரே அதைக் கூட்டி அள்ளி அடுப்புக்குப் போட்டுவிட்டார். வேறு யார் கண்ணிலும் படவில்லை.

மேஜை உருவாகி நின்றது. யானைக்கால் மாதிரி ஆறு கால், விளிம்பெல்லாம் திராட்சைக்கொடி. சாதாரணமாகப் பத்து கை பாலிஷ் போடுவார்கள். அமீனா பீ இருபத்திரண்டு கை போட்டாள். ஈரம் வெளியே தெரியாதபடி உள்ளேயே வைத்துப் பூட்டினாள். வெள்ளை ரேகைமேல் மட்டும் ஒரு கை கூடப் போட்டாள். அந்த நாளெல்லாம் அவள் மேலும் அதே ஸ்பிரிட் வாடைதான் அடித்தது. டிராமில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள்.

சாஹிப் குனிந்து மேஜையில் தன் தாடியைப் பார்த்தார். "மெஹபூப் கை அப்டியே உனுக்கு வந்துகீது."

"எல்லாம் அவரு சொல்லிக்குடுத்ததுதான் சாஹிப்."

வைக்கோல் சுற்றி, பெட்டி அடித்து, இரும்புப் பட்டை முறுக்கி, ஐப்பசி மழைக்கு முன் துறைமுகத்துக்குப் போனது. அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே வேலை, காத்திருப்பது. அதைப்போல மனிதரைத் தின்னும் வேலை வேறில்லை. இங்கிலீஷ் கடிதாசு எழுதும் குமாஸ்தா வேதாந்தம் மாடவீதியிலிருந்து தினம் வருவார். தை மாதத்தில் ஒருநாள் அவரிடம் கேட்டாள்.

"சாமி, லண்டன்ல இப்போ இன்னா மழையா?"

"மழையாவது. பனி கொட்டிண்டு இருக்கும். ஆத்துக்குள்ளயே கணப்புப் போட்டுண்டு, கதவெல்லாம் சாத்திண்டு ஒக்காந்திருப்பா. சாப்பிடற மேஜைக்கு நாலடியில நெருப்பு எரியும்."

"நாள் பூராவா?"

"நாள் பூரா. ஏன் கேக்கறே?"

"ஒண்ணுமில்ல. பாவம், அவங்களுக்குக் குளிருமேன்னு."

அன்று வீட்டுக்குப் போய் வஜீஹாவுக்குத் தலை வாரிவிட்டாள். பல மாதமாக அதைச் செய்யவில்லை. பின்னலை இறுக்கியதில் வலித்து, "இன்னாம்மா" என்று திரும்பியவள், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

மாசிக் கடைசியில் கடிதாசு வந்தது. வேதாந்தம் படிக்கப் படிக்க சாஹிப்பின் காது சிவந்துகொண்டே போனது. விருந்து நடந்துகொண்டிருந்தபோது துப்பாக்கி சுட்டது போல வெடித்ததாம். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, கை நுழைகிற அளவுக்கு வாய் பிளந்துகொண்டதாம். அந்த வீட்டுக்காரர் பெரிய மனுஷர். இனி உங்கள் மேஜையும் வேண்டாம், துணியும் வேண்டாம், வரவேண்டிய பேல்களையும் வாங்கமாட்டோம் என்று எழுதியிருந்தான் கடைக்காரன்.

சாஹிப் கடிதாசோடு தொட்டி நடுவில் வந்து நின்றார். கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"பீர் முஹம்மது. அது காஞ்ச மரமா?"

"இல்ல சாஹிப். பச்ச."

"தெரியாம இழைச்சியா?"

"மொத இழைப்புலயே தெரிஞ்சுது."

அமீனா பீ பாலிஷ் துணியைக் கீழே வைத்தாள். அடுத்தது தன் பேர் வரும். வரட்டும். இத்தனை பேர் முன்னால் வந்தால் இன்னும் நல்லது. சாஹிப்பின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்து நின்றாள். அந்த முகத்தைப் பார்க்க அவள் எவ்வளவோ நாள் காத்திருந்தாள். பார்த்தபோது நெஞ்சுக்குள் நினைத்த அளவுக்கு ஒன்றும் நிறையவில்லை. அது அவளுக்கே கோபமாக இருந்தது.

"தெரிஞ்சு இழைச்சியா?" சாஹிப்பின் குரல் கீச்சிட்டது. "குடிச்சிட்டு வந்து இழைச்சியாடா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே உறைத்தது போலிருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டார். பீர் முஹம்மது அமீனா பீ பக்கம் திரும்பவே இல்லை. இடுப்பு வேட்டியில் கைத்தூசியைத் தட்டினார். தட்டி முடிக்க நேரம் பிடித்தது.

"நான் குடிக்கல சாஹிப்." நிறுத்தினார். "அன்னிக்கு மெஹபூபும் குடிக்கல. கயிறுதான் அறுந்துச்சு. நான் பொய்க்குத் தலையாட்டுனேன்."

"மெதுவாப் பேசு" என்றார் சாஹிப். அவர் குரலும் தாழ்ந்திருந்தது. "உள்ள வா. உள்ள வந்து பேசு."

பீர் முஹம்மது காலைத் தூக்கினார். அவர் உள்ளே போய்விடுவார் போலத்தான் இருந்தது.

"பாய்" என்றாள் அமீனா பீ. "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல. இன்னொரு தபா சொல்லுங்க."

தூக்கிய கால் அப்படியே நின்றது. குழிக்கு மேலே நின்ற ரம்பக்காரன் பிடியை விட்டுவிட்டதால் ரம்பம் பாதி மரத்தில் நட்டுக்கொண்டு நின்றது. கீழே குழிக்குள் இருந்தவனுக்கு மேலே நடப்பது ஒன்றும் புரியவில்லை. இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, விளிம்பில் கையூன்றி ஏறி வந்தான் ஏகாம்பரம். தலை, புருவம், உதடு எல்லாம் மரத்தூள் அப்பி, கண் இரண்டு மட்டும் ஈரமாகத் தெரிந்தன.

"இன்னா நைனா," என்றான் பீர் முஹம்மதைப் பார்த்து, தூளைத் துப்பிக்கொண்டே, "யாரு குடிக்கலயாம்?"