மூன்று நாளும் வந்திருந்தாள்

விஜயகுமாரியைத் தோற்கடித்தது அவள் புருஷன் சுரேஷ் இல்லை. நான்தான், அவளுடைய வக்கீல்.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் அவள் டெய்லர். சுரேஷ் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும், அவளை நெருங்கக் கூடாது என்று உத்தரவு கேட்டு 2008இல் மனுப் போட்டோம். அடித்த நாட்கள் மூன்றைத் தேதியோடு சொன்னாள். கை வீங்கியவள் மறுநாள் எப்படித் தைக்கப் போவாள், அந்த விடுப்பே சாட்சி என்று நினைத்துக்கொண்டேன். அவளை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. மேதாவி மாதிரி கம்பெனியின் வருகைப் பதிவேட்டைக் கோர்ட்டுக்கு வரவழைத்தேன்.

மூன்று நாளும் வந்திருந்தாள். அதில் ஒரு நாள் ஒன்றரை ஷிப்ட்.

அடிபட்டவள் ஒன்றரை ஷிப்ட் தைத்திருக்க முடியாது என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

அடிவாங்கிய பெண்களைக் கோர்ட்டுகள் எப்படியெல்லாம் நம்ப மறுத்தன என்பதைப் பற்றித்தான் ஆறு வருடமாக ஆய்வு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தக் காலத்துத் தீர்ப்பு ஒன்றில், மறுநாள் தண்ணீர் சுமந்தாள், ஆகவே அடி பொய் என்றிருந்தது. அதைத் திட்டி இருபது பக்கம் எழுதியவள், இன்று அதே காரணத்தை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது.

கோர்ட் வராந்தாவில் அவளிடம் கேட்டேன். "அத்தனை வலியோட ஏன் கண்ணு வேலைக்குப் போனே?"

"எங்க டேபிள்ல வரிசையா பத்துப் பேருங்க வக்கீலம்மா. நான் தெச்சுக் குடுத்தாத்தான் முத்தாயி அக்காளுக்குத் துணி போவுமுங்க. நான் போகலீன்னா அதுக்கும் அன்னிக்கு வேலையில்லீங்க."

"ஒருநாள் வேலையில்லாம இருந்தா என்ன?"

"கூலியில்லாம ஊட்டுக்குப் போனா அதோட புருஷன் அடிப்பானுங்க."

"அப்பீல் போடலாம்" என்றேன்.

"போடுங்க. நான் கெளம்பட்டுங்களா? மத்தியானத்துக்கு மேல போயிட்டா அரை ஷிப்ட் கெடைக்குமுங்க."

"இன்னிக்காவது லீவு போடு."

"அக்கா காத்துட்டிருக்குமுங்க."

பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். வேலை முடிந்து அவள் சுரேஷ் இருக்கும் வீட்டுக்குத்தான் போயாக வேண்டும். அங்கே என்ன நடந்தாலும் நாளைக்குப் பதிவேட்டில் வந்தாள் என்றுதான் இருக்கும்.