மோட்டார்க் கதவும் வச்சிரமும்

சேரன்மகாதேவியில் முதன்முதலாக மோட்டார் வாங்கியவர் கைலாசம் பிள்ளை. மலை எஸ்டேட்டுத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது தள்ளிவிட்டுப் போன வண்டி அது. வெளியே பளபளவென்றுதான் இருந்தது. கதவைத் திறந்தால்தான் சங்கதி தெரியும். உள்பக்கத்துத் தோல், துரையின் முழங்கை பட்டுப் பட்டுத் தேய்ந்து, வெடித்து, பூசணம் பூத்துக் கிடந்தது.

பிள்ளையின் மனைவி ஞானம்பாள் ஆச்சி சிவதீட்சை வாங்கியவள். மாட்டுத்தோல் மேலே பட்டுவிட்டால் அன்றைக்குப் பூஜையில் உட்கார மாட்டாள். "தோலு ஒரு துண்டு இருந்தாலும் நான் ஏற மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். இருக்கைத் தோலை உரித்துவிட்டு இலவம்பஞ்சு மெத்தை போட்டார்கள். கதவுகள் மட்டும் கொம்பையா ஆசாரியிடம் வந்தன.

ஆசாரி ஆணிகளைப் பைய நெம்பித் தோலைக் கழற்றினார். அடியில் இருந்த பலகையும் உளுத்திருந்தது. புதுப் பலகை இழைத்துப் பொருத்தி, பத்தமடை ஆபிதா பீவி நெய்த கோரைப்பாயை அதன்மேல் ஒட்டினார். பட்டுச்சேலைபோல மடியும் பாய் அது. ஒட்டியது அரிசிக் கஞ்சிப் பசையால். சித்திரை வெயிலில் மோட்டார் ஒருநாள் நின்றதுதான் தாமதம், பாய் அப்பளமாகப் பொரிந்து எழும்பிவிட்டது. எரிச்சலில் ஆசாரி அதை உரித்துப்போட்டு, வச்சிரத்தை உருக்கி ஊற்றி மறுபடி ஒட்டினார். இந்தத் தடவை அசையவில்லை.

வச்சிரம் என்றால் மாட்டுத்தோலையும் குளம்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. தச்சு வேலைக்கு அது இல்லாமல் முடியாது. பிள்ளை வீட்டு அலமாரியும் கட்டிலும் அதில் ஒட்டியவைதான். அதை யார் யோசித்தார்கள்? ஆசாரியும் யோசிக்கவில்லை, கைப்பழக்கம். வேலையை ஒப்படைத்துவிட்டு வீட்டில் வந்து சோற்றில் கை வைத்தபோதுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் ஆச்சி அந்த மோட்டாரில் நெல்லையப்பரைக் கும்பிட்டுவிட்டே வந்துவிட்டாள். ஆசாரி விஷயத்தை மென்று முழுங்கிவிட்டார்.

ஐப்பசி மழை விடாமல் அடித்தது. கொட்டகை ஒழுகி மோட்டார் நனைந்தது. பலகை ஊதிப்போய்க் கதவு சாத்த வரவில்லை என்று ஆசாரியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் உளியும் இழைப்புளியுமாக உட்கார்ந்திருக்கும்போதே ஆழ்வார்திருநகரியிலிருந்து ஆள் வந்தான். ஆச்சி அங்கே கட்டிக்கொடுத்த மகள் கோமுவுக்குப் பிள்ளை பெற்ற உடம்பில் ஜன்னி கண்டிருந்தது. நினைவு வரும்போதெல்லாம் அம்மாவைத்தான் கேட்கிறாளாம். மாட்டு வண்டி கட்டினால் மறுநாள்தான் போய்ச்சேரும். அதுவரை கோமு தாங்குவாளா என்பதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"சீக்கிரம் பாரும் வே!" என்று பிள்ளை பரபரத்தார்.

கதவு ஒருவழியாகச் சாத்தியது. ஆச்சி மூட்டையோடு வந்து படியில் கால் வைத்தாள். வைத்த காலை எடுத்துவிட்டாள்.

"என்ன ஆசாரி, இங்கன ஒரு நாத்தம் அடிக்கி?"

"மழ ஈரம் ஆச்சி. பாயி நனைஞ்சிருக்கில்லா."

"கோரை நாத்தம் எனக்குத் தெரியாதா? உள்ள தோலு கீலு வச்சிருக்கீரா?"

அவளுக்குப் பின்னால் நின்ற பிள்ளை கண்ணாலேயே ஆசாரியிடம் கெஞ்சினார்.

"இல்ல ஆச்சி."

"உம்ம மவ உலகம்மா மேல சத்தியம் பண்ணும்."

ஆசாரி பெற்றதில் தங்கியது அந்த ஒரு குழந்தைதான். உள்ளதைச் சொன்னால் ஆச்சி ஏற மாட்டாள், கோமு அம்மாவைப் பார்க்காமலே போய்விடுவாள். பொய் சொன்னால்? பொய்ச் சத்தியம் அந்தக் குழந்தையைத்தான் பிடிக்கும்.

"எம் மவ மேல சத்தியமா இல்ல."

ஆச்சி ஏறி உட்கார்ந்தாள். மோட்டார் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிப் போனது.

கோமு பிழைத்துக்கொண்டாள். ஆத்தாள் முகத்தைப் பார்த்த பிறகுதான் மருந்தே உள்ளே இறங்கியது என்று ஊரெல்லாம் பேச்சு. ஆசாரிக்கும் சந்தோஷம்தான், ஆனால் அதை அனுபவிக்க முடியவில்லை. உலகம்மாள் தும்மினால் இவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வேறு கண்டது. சுடலைமாடனுக்குக் கிடா நேர்ந்தார். காய்ச்சல் இறங்கியும் இவர் பயம் இறங்கவில்லை. ஆச்சி ஊருக்குத் திரும்பியதும் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினார்.

கார்த்திகை பிறந்து ஆச்சி வந்தாள். ஆசாரி போனபோது தொழுவத்துப் பக்கம் தனியாக நின்றாள்.

"ஆச்சி, அன்னைக்கு நான் பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன். அந்தக் கதவுல..."

"வச்சிரம்தானே?" என்றாள் ஆச்சி.

காலில் விழக் குனிந்த ஆசாரி அப்படியே நிமிர்ந்தார்.

"நான் பொறந்த வீடு ஆசாரிமார் தெருவுக்கு அடுத்த தெருவு. வச்சிரம் காய்ச்சுத நாத்தம் எனக்குத் தெரியாதா? மழையில ஊறி நாத்தம் எழும்பியிருந்துது, படியில கால வச்சப்பவே தெரிஞ்சுபோச்சு."

"பொறவு எதுக்கு ஆச்சி கேட்டிய?"

"தெரிஞ்சு ஏறுனா தீட்சை போயிரும். நீரு இல்லன்னு சத்தியம் பண்ணிட்டா, நான் அறியாம ஏறுனதாத்தானே ஆகும்? எம் பிள்ள அங்கன சாகக் கிடக்கா. எனக்கு வேற வழி தெரியல."

அவள் குரலில் குற்றவுணர்ச்சியும் இருந்தது, பிடிவாதமும் இருந்தது. ஆசாரிக்கு உச்சந்தலைவரை சூடேறியது. அந்த வீட்டு ஆட்களிடம் அவர் இதுவரை குரல் உயர்த்தியதில்லை.

"உங்க பூஜைக்கு எம் பிள்ளையா ஆச்சி கெடச்சா?"

ஆச்சியின் கண் நிறைந்துவிட்டது. "உம்ம பிள்ளைக்கு ஒண்ணும் வராது ஆசாரி. தெரிஞ்சே கேட்டவ நான். வந்தா எனக்குத்தான் வரணும்."

"அது சாமிக்குத் தெரியுமா ஆச்சி?"